பாலைவனத்தில் ஒழுகும் குழாய்



அமெரிக்கா என்றதும் வானைத் தொடும் மாளிகைகளும் வெண்பனி போர்த்திய வீதிகளும் உங்கள் மனக்கண்ணில் தோன்றக்கூடும். இன்று நான் உங்களை அழைத்துச் செல்லும் ஊரில் அவ்விரண்டையும் காண இயலாது. அரிஸோனா மாநிலத்தின் மேற்கு ஓரத்தில், கொலராடோ ஆற்றுக்குக் கிழக்கே ஏறத்தாழ 30 கிலோமீட்டர் தொலைவில், பாலை நிலத்தின் நடுவே அச்சிற்றூர் அமைந்துள்ளது. குவார்ட்ஸைட் என்பது அதன் பெயர். மொட்டைக் குன்றுகள், ஆளுயரத்தைப் பன்மடங்கு மிஞ்சி நிற்கும் சகுவாரோக் கள்ளிகள், காலடியில் நொறுங்கும் சரளைக் கற்கள்: இவையே அங்குள்ள காட்சிகள். கோடையில் வெப்பம் 43 டிகிரி செல்சியஸையும் தாண்டும். 2020-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி அங்கு நிலையாகக் குடியிருப்போர் மூவாயிரம் பேருக்கும் குறைவு.

ஆயின் ஜனவரி மாதத்தில் அவ்வூருக்குச் சென்று பாருங்கள்! கண்ணுக்கெட்டிய தூரம் வரை வெண்ணிற வண்டிகள் நிற்கும். அவை சாதாரண வண்டிகள் அல்ல. படுக்கையறை, சமையலறை, குளியலறை அனைத்தும் அடங்கிய சக்கர வீடுகள். நம் நாட்டில் கேரவன் என்று அறியப்படும் வண்டிகளை அங்கு 'ஆர்.வி.' என்று அழைக்கின்றனர். வடக்கு மாநிலங்களிலும் கனடாவிலும் உறைபனி கொட்டத் தொடங்கியதும், ஓய்வு பெற்ற முதியவர்கள் இவ்வண்டிகளில் ஏறித் தெற்கு நோக்கி வந்துவிடுகின்றனர். 'பனிப்பறவைகள்' என்பது அவர்களுக்கு இடப்பட்ட செல்லப்பெயர். ஒரு குளிர்காலத்தில் அவ்வூருக்கு வந்து செல்வோர் பல லட்சம் பேர்.

2024-ஆம் ஆண்டு ஜனவரியில், ஃபீனிக்ஸ் நகரில் பணியாற்றும் என் தமக்கை மகனின் இல்லத்தில் நான் விருந்தினனாகத் தங்கியிருந்தேன். அவன் ஒரு சக்கர வீட்டை வாடகைக்கு எடுத்து, தன் மனைவியையும் மகனையும் என்னையும் ஏற்றிக்கொண்டு, பத்தாம் எண் நெடுஞ்சாலையில் மேற்கு நோக்கிப் புறப்பட்டான். ஏறத்தாழ 200 கிலோமீட்டர் பயணம். நான்கு நாள்கள் குவார்ட்ஸைட்டில் தங்கினோம். அவ்வூரின் கல் சந்தையைப் பற்றியும், ஜனவரியில் பெருங்கூடாரத்தில் நடைபெறும் சக்கர வீட்டுக் கண்காட்சியைப் பற்றியும் எழுதலாம். நான் எழுத விரும்புவது நீரைப் பற்றி. இன்னும் குறிப்பாகச் சொன்னால், ஒழுகிப் போகும் நீரைப் பற்றி.

கிணற்றால் பிறந்த ஊர்

குவார்ட்ஸைட்டின் வரலாறே நீரில்தான் தொடங்குகிறது. சார்லஸ் டைஸன் என்பவர் 1856-இல் அங்கு ஒரு சிறு கோட்டையை அமைத்தார். அங்கே கிணற்று நீர் கிடைத்தது. ஆற்றங்கரையிலுள்ள எரன்பர்க் துறையிலிருந்து உள்நாட்டுக்குச் செல்லும் குதிரை வண்டிகள் அங்கே நின்றன. நாளடைவில் அவ்விடத்துக்கு 'டைஸன் கிணறுகள்' என்றே பெயர் வழங்கலாயிற்று. வண்டிக்காரர்கள் தங்கிய மண்கட்டி வீடு இன்று அருங்காட்சியகமாக இருக்கிறது.

அவ்வூரின் அடக்கத்தலத்தில் நம் கால்களைத் தாமாகவே நிற்கச் செய்யும் ஓர் அடக்கவிடம் உண்டு. பலநிறக் கற்களால் பிரமிடு வடிவில் எழுப்பப்பட்ட அதன் உச்சியில், செம்பினால் ஆன ஒட்டகம் ஒன்று நிற்கிறது. அங்கே அடங்கியிருப்பவரை அவ்வூரார் 'ஹை ஜாலி' என்கின்றனர். அது என்ன பெயர் என்று வியக்காதீர்கள்! 'ஹாஜி அலீ' என்னும் பெயரே அமெரிக்கர் நாவில் அவ்வாறு உருமாறியது.

1855-இல் அமெரிக்கக் காங்கிரஸ் ஒட்டகங்கள் வாங்குவதற்கென 30,000 டாலர் ஒதுக்கியது. தென்மேற்குப் பாலை நிலங்களில் இராணுவச் சரக்குகளைச் சுமக்கக் குதிரையும் கோவேறு கழுதையும் போதவில்லை. அவற்றுக்கு வேண்டிய நீரைச் சுமப்பதே பெருஞ்சுமையாயிற்று. 1856 மே மாதம் டெக்ஸாஸ் கடற்கரையில் 34 ஒட்டகங்கள் இறங்கின. அவற்றைப் பழக்கி ஓட்டுவதற்காக உஸ்மானியப் பேரரசின் நிலப்பகுதிகளிலிருந்து வந்தவர்களுள் ஒருவரே ஹாஜி அலீ. 1857-இல் எட்வர்ட் பீல் என்பவர் கொலராடோ ஆறு வரை பாதை அமைக்க நில அளவை செய்தபோது இவ்வொட்டகங்கள் உடன் சென்றன. பின்னர் உள்நாட்டுப் போர் மூண்டது. ஒட்டகத் திட்டம் கைவிடப்பட்டது. ஹாஜி அலீ தாயகம் திரும்பவில்லை. சுமை வண்டி ஓட்டியும் கனிமம் தேடியும் அப்பாலையிலேயே வாழ்ந்தார். 1880-இல் ஃபிலிப் டெட்ரோ என்னும் பெயரில் அந்நாட்டின் குடிமகனானார். 1902 டிசம்பர் 16-இல் குவார்ட்ஸைட்டில் காலமானார். 1935-இல் அரிஸோனா நெடுஞ்சாலைத் துறை அந்நினைவிடத்தை எழுப்பியது.

அடக்கவிடத்தின் மீது உருவம் அமைப்பது நம் வழக்கமன்று. அவருடைய உள்ளத்தின் கணக்கையும் இறைவனே அறிவான். ஆயினும், தாயகத்திலிருந்து பல்லாயிரம் கல் தொலைவில் தனியே அடங்கிக் கிடக்கும் அந்த ஒட்டகக்காரருக்காகச் சற்று நேரம் அமைதியாக நின்றோம். அவர் ஓட்டிய ஒட்டகம் நீரைத் தன் உடலில் தாங்கிப் பல நாள் நடந்தது. இன்று அதே மண்ணில் வந்து நிற்கும் சக்கர வீடுகளும் தத்தம் நீரைத் தாமே சுமந்து வருகின்றன. வேறுபாடு ஒன்றுதான்: ஒட்டகம் ஒழுகுவதில்லை!

மூன்று தொட்டிகள்

ஊருக்குத் தெற்கே 'லா போஸா' என்னும் பரந்த வெளி உள்ளது. மத்திய அரசின் நில நிர்வாகப் பணியகம் அதைப் பராமரிக்கிறது. செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை கட்டணம் செலுத்தி அங்கே மாதக்கணக்கில் வண்டியை நிறுத்தி வைக்கலாம். தங்கும் இடத்துக்குக் குழாய் இணைப்போ மின் இணைப்போ கிடையாது. நீர் பிடிக்கவும் கழிவை இறக்கவும் அதற்கென உள்ள இடத்துக்கு வண்டியை ஓட்டிச் செல்ல வேண்டும். ஆகவே, தொட்டியில் உள்ளதே நீர். அது தீர்ந்தால் வீட்டையே பெயர்த்துக்கொண்டு புறப்பட வேண்டியதுதான்.

சக்கர வீட்டின் அமைப்பைச் சற்று விளக்குகிறேன். அதில் பொதுவாக மூன்று தொட்டிகள் உண்டு. முதலாவது, தூய நீர்த் தொட்டி. இரண்டாவது, பாத்திரம் கழுவிய நீரும் குளித்த நீரும் சேரும் தொட்டி. அதைச் 'சாம்பல் தொட்டி' என்பர். மூன்றாவது, மலக்கழிவு சேரும் 'கருந்தொட்டி'. தூய நீரைக் குழாய்களுக்குத் தள்ளுவது 12 வோல்ட் மின்சாரத்தில் இயங்கும் சிறு பம்பு. நம் வீடுகளில் நீரை மேல்தொட்டிக்கு ஏற்றிவிட்டு மோட்டாரை நிறுத்திவிடுகிறோம். அங்கு மேல்தொட்டி இல்லை. குழாயைத் திறந்தால் உள்ளே அழுத்தம் குறையும். உடனே பம்பு தானாக ஓடும். மூடினால் அழுத்தம் ஏறும். பம்பு தானாக நிற்கும். இந்த எளிய ஏற்பாட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். ஒழுகலைக் கண்டுபிடிக்கும் வழி இதற்குள்தான் இருக்கிறது.

எங்கள் வண்டியின் தூய நீர்த் தொட்டி 150 லிட்டர் கொள்ளும். நால்வருக்கு நான்கு நாள் என்று பங்கிட்டால், ஆளுக்கு நாளொன்றுக்கு ஒன்பது லிட்டர் சொச்சம். சமையல், குளியல், கழிப்பறை, ஒளு எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு 'முத்து' நீரில், அதாவது இரு கைகளும் சேர்ந்து கொள்ளும் அளவு நீரில், ஒளுச் செய்தார்கள் என்பதை ஆண்டுதோறும் மாணவர்களுக்குப் பாடம் நடத்தி வருகிறேன். அந்த அளவு எத்துணை போதுமானது என்பதை அப்பாலையில் ஒரு குவளையைக் கையில் ஏந்தியபோது உணர்ந்தேன். ஐந்து வேளைக்கும் சேர்த்து நான்கு லிட்டர் தேவைப்படவில்லை. வண்டியின் நிழலில் பாய் விரித்து, அங்கிருந்து கிப்லாவாகிய வடகிழக்குத் திசையை நோக்கித் தொழுதோம்.

இரவில் முனகிய பம்பு

எங்களுக்கு அடுத்து நின்ற வண்டியில் ஒரு முதிய தம்பதியர் வாழ்ந்தனர். 'வாழ்ந்தனர்' என்று சொல்வதற்குக் காரணம் உண்டு. அவர்கள் விடுமுறைக்கு வந்தவர்கள் அல்லர். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் சொந்த வீட்டை விற்று, அந்தப் பணத்தில் வாங்கிய அவ்வண்டியே அவர்களுடைய ஒரே வீடு. பெரியவர் இளமையில் இயந்திரத் தொழிலாளியாக இருந்தவர். எங்கள் இரண்டாம் நாள் காலையில், அம்மூதாட்டி ஒரு குறிப்பேட்டைக் கையில் வைத்துக்கொண்டு கவலையுடன் நின்றிருந்தார். தொட்டியின் நீர்மட்டத்தை நாள்தோறும் எழுதி வைப்பது அவருடைய வழக்கம். இருவருக்கும் சேர்த்து நாளொன்றுக்கு 20 லிட்டர் செலவாவது போய், பத்து நாள்களாக 25 லிட்டர் செலவாகியிருந்தது. போதாக்குறைக்கு, நள்ளிரவில் எல்லாரும் உறங்கும் வேளையில், பம்பு கால் மணிக்கு ஒரு முறை இரண்டு நொடி முனகிவிட்டு நின்றது.

ஐந்து லிட்டர்தானே என்று எண்ணாதீர்கள்! இருபது சொட்டு ஒரு மில்லி லிட்டர் என்று மருந்துக் கணக்கு வைத்துக்கொண்டாலும், நொடிக்கு ஒரு சொட்டு வீதம் ஒழுகினால் நாளொன்றுக்கு நான்கு லிட்டருக்கு மேல் ஆகிறது. குழாய்ச் சொட்டு அதனினும் சற்றுப் பெரியது. ஆக, நொடிக்கொரு சொட்டு எங்கோ கண்ணுக்குத் தெரியாமல் விழுந்துகொண்டிருந்தது.

நீர் வீணாவது ஒருபுறம் இருக்கட்டும். சக்கர வீட்டின் தரை நம் வீட்டுத் தரை போன்றதன்று. பெரும்பாலான வண்டிகளில் அது ஒட்டுப்பலகையால் ஆனது. அதன் அடியில் ஒரு தகடோ விரிப்போ மூடியிருக்கும். சொட்டும் நீர் பலகையில் ஊறும். வெளியேற வழியின்றித் தேங்கும். சில மாதங்களில் பலகை உளுத்து, கருமையான பூஞ்சை படரும். சுவரின் வெளித்தகடு உள்மரத்தை விட்டு உப்பிப் பிரியும். வண்டியின் மதிப்பே போய்விடும். வண்டியையே வீடாகக் கொண்டவர்களுக்கு அது என்ன இழப்பு என்பதை நீங்களே எண்ணிப் பாருங்கள். "இந்தக் கதவு மூடினால் எங்களுக்கு வேறு கதவு இல்லை" என்று அம்மூதாட்டி மெதுவாகச் சொன்னார்.

வண்டியின் பின்சக்கரத்துக்கு அருகே, அடித்தகட்டின் ஒரு பொருத்தில் ஈரம் தெரிந்தது. என் தமக்கை மகன் அதைச் சுட்டிக்காட்டி, அவ்விடத்தைப் பிரித்துப் பார்க்கலாமே என்றான். பெரியவர் தலையசைத்து மறுத்தார். "தண்ணீர் விழும் இடம் அது வெளியேறும் இடம்தான், தம்பி. அது புறப்பட்ட இடம் வேறு. எங்கே ஒழுகுகிறது என்று தேடினால் வீடு முழுவதையும் பிரிப்பாய். எப்பொழுது ஒழுகுகிறது என்று முதலில் கேள்."

அதன்பின் அவர் செய்தவற்றை ஒழுங்காகச் சொல்கிறேன். முதலில் எல்லாக் குழாய்களையும் மூடினார். வண்டியின் வெளிப்புறத்தில் கால் கழுவுவதற்காக உள்ள குழாயையும் மறக்கவில்லை. பம்பை இயக்கினார். அது ஓடி நின்றது. காத்திருந்தோம். பதினைந்து நிமிடங்களில் மீண்டும் முனகியது. யாரும் குழாயைத் திறக்கவில்லை. எனினும் அழுத்தம் குறைகிறது. எனவே ஒழுகல் அழுத்தமுள்ள குழாய்களில் இருக்கிறது. கழிவுநீர்க் குழாய்களில் இல்லை. ஒரே சோதனையில் பாதி வீடு கழிந்தது!

அடுத்து, வெந்நீர்க் கலத்தை அணைத்து ஆறவிட்டு, அதற்குள் நீர் செல்லும் வால்வையும் அதிலிருந்து வெந்நீர் வெளிவரும் வால்வையும் மூடினார். இப்பொழுது தண்ணீர்க் குழாய்களில் மட்டுமே அழுத்தம் உண்டு. மீண்டும் பம்பை இயக்கிக் காத்திருந்தோம். அரை மணி கழிந்தது. பம்பு வாய் திறக்கவில்லை. ஆகவே ஒழுகல் வெந்நீர்ப் பக்கத்தில்தான். மீதிப் பாதியிலும் பாதி கழிந்தது.

வண்டியின் வெளிப்புறக் கதவைத் திறந்து வெந்நீர்க் கலத்தைப் பார்த்தார். அதன் பாதுகாப்பு வால்வும் அடியடைப்பும் உலர்ந்திருந்தன. அடைத்த வால்வுகளைத் திறந்து, வெந்நீர்க் குழாயின் ஒவ்வொரு மூட்டையும் துணியால் நன்றாகத் துடைத்து, அதன் கீழ் ஒரு காகிதக் கைக்குட்டையை வைத்தார். சமையல் தொட்டியின் அடியில் ஒன்று, முகம் கழுவும் தொட்டியின் அடியில் ஒன்று, ஆடை அலமாரியின் உட்பலகையைக் கழற்றி, குளியல் குழாயின் பின்புறத்தில் ஒன்று. ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது, அலமாரிக்குள் இருந்த காகிதம் நனைந்திருந்தது. பின்சக்கரத்திலிருந்து அவ்விடம் மூன்று மீட்டருக்கு மேல் தள்ளி இருந்தது!

குற்றவாளி யார் தெரியுமா? விரல் நுனி அளவுள்ள ஒரு ரப்பர் வாஷர். வெப்பத்தில் இறுகி, ஓரத்தில் வெடித்திருந்தது. அதை மாற்றுவதற்கு அவருக்குப் பத்து நிமிடங்கள் போதுமாயின. ஆனால் அலமாரியின் அடியிலிருந்த தரைப்பலகையைக் கட்டைவிரலால் அழுத்தியபோது அது உட்குழிந்தது. இரு உள்ளங்கை அகலத்துக்குப் பலகையை அறுத்தெடுத்தார். அதற்கப்பால் மரம் உறுதியாக இருந்தது. அம்மூதாட்டி தம் குறிப்பேட்டை மூடி நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். அந்தக் குறிப்பேடு இல்லாவிடில், தரை அமிழ்ந்த பின்னரே அவர்கள் விழித்திருப்பார்கள். நாங்கள் புறப்பட்ட நாளிலும் அவ்வலமாரிக்குள் ஒரு சிறு மின்விசிறி ஓடி, ஈரத்தை உலர்த்திக்கொண்டிருந்தது.

எப்பொழுது என்று கேளுங்கள்

ஓய்வான மாலைப் பொழுதில் அப்பெரியவரிடம் மேலும் கேட்டறிந்தேன். உங்கள் மக்களோ உறவினரோ அத்தகைய நாடுகளில் இவ்வண்டிகளைப் பயன்படுத்துவோராக இருந்தால், பின்வரும் விவரங்கள் அவர்களுக்குப் பயன்படும்.

யாரும் குழாயைத் திறக்காதபோது பம்பு ஓடினால், ஒழுகல் அழுத்தக் குழாயில் உள்ளது. எங்கும் ஈரமே இல்லாமல் பம்பு மட்டும் முனகினால், பம்பினுள் உள்ள வால்வு பழுதாகி நீர் தொட்டிக்கே திரும்பிச் செல்கிறது. வெளியிலுள்ள குழாயுடன் வண்டியை இணைக்கும்போது தூய நீர்த் தொட்டி தானாக நிரம்பி வழிந்தால், அதே வால்வின் பழுதென்று உறுதி செய்யலாம்.

வெளிக்குழாயுடன் இணைக்கும்போது மட்டும் ஒழுகினால், வண்டியின் சுவரில் உள்ள இணைப்பு வாயைப் பாருங்கள். வெளிக்குழாயின் அழுத்தம் மிகுதியாக இருப்பதும் காரணமாகலாம். சதுர அங்குலத்துக்கு 40 முதல் 60 பவுண்டு வரை என்பதே இவ்வண்டிகளுக்கு ஏற்ற அழுத்தம். முகாம்களில் சில குழாய்களில் அது நூறையும் நெருங்கும். ஆகவே அழுத்தத்தைக் குறைக்கும் சிறு கருவியை முதலில் குழாயில் பொருத்தி, அதன்பின்னரே ஹோஸை இணைக்க வேண்டும்.

பாத்திரம் கழுவும்போதோ குளிக்கும்போதோ மட்டும் சொட்டினால், அது கழிவுக் குழாயின் மூட்டு. நீரில் சிறிது சமையல் வண்ணம் கலந்து ஊற்றினால், எந்தத் தொட்டியின் நீர் ஒழுகுகிறது என்று நிறமே சொல்லிவிடும். கழிப்பறையின் மிதியை அழுத்தும்போது மட்டும் ஈரம் தோன்றினால், அதன் பின்புற வால்வைச் சோதியுங்கள். வெந்நீர்க் கலம் சூடாகும்போது மட்டும் வெளியே சில சொட்டுகள் விழுந்தால், அது பெரும்பாலும் பாதுகாப்பு வால்வின் வேலை. கலத்தின் மேற்பகுதியில் இருக்க வேண்டிய காற்றிடம் நீரால் நிறைந்துவிட்டதன் அடையாளம். சொட்டுகிறதே என்று அந்த வால்வை ஒருபோதும் அடைத்துவிடாதீர்கள். கலம் வெடிக்காமல் காப்பது அதுவே.

மழை பெய்யும்போது மட்டும் ஈரம் தோன்றினால், குழாய்களை விட்டுவிட்டுக் கூரையைப் பாருங்கள். குளிர்சாதனம் ஓடும்போது மட்டும் தோன்றினால், அது காற்றிலிருந்து வடிந்த நீர். வண்டி ஓடும்போது மட்டும் ஒழுகினால், நிரம்பிய தொட்டி தளும்பிக் காற்றுக்குழாய் வழியே வழிந்திருக்கலாம்.

ஒழுகல் ஏன் ஏற்படுகிறது? முதற்காரணம் சாலை. ஓடும் வீட்டுக்கு ஒவ்வொரு பயணமும் ஒரு சிறு நிலநடுக்கம். நட்டுகள் தாமாகத் தளர்கின்றன. இரண்டாவது காரணம் உறைபனி. நீர் உறையும்போது அதன் பருமன் ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்பது பங்கு கூடுகிறது. குழாயில் எஞ்சிய நீர் உறைந்தால் மூட்டு பிளந்துவிடும். அதனால்தான் குளிர் நாடுகளில் வண்டியை நிறுத்தி வைக்குமுன் குழாய்களை வடித்து, காற்றால் ஊதியோ, புரப்பிலீன் கிளைக்கால் என்னும் நச்சற்ற இளஞ்சிவப்புத் திரவத்தை நிரப்பியோ காக்கின்றனர். மோட்டார் வண்டி இன்ஜினில் ஊற்றப்படும் எத்திலீன் கிளைக்கால் கொடிய நஞ்சு. குடிநீர்க் குழாயில் அது ஒரு துளியும் சேரக்கூடாது. மூன்றாவது காரணம் குழாயின் வகை. 1990-களின் நடுப்பகுதி வரை பல வண்டிகளில் பாலிபியூட்டிலீன் என்னும் சாம்பல் நிறக் குழாய்கள் பொருத்தப்பட்டன. குளோரின் கலந்த நீரால் அவை உள்ளிருந்து நொறுங்கின. இன்று 'பெக்ஸ்' என்னும் நெகிழ்வான பிளாஸ்டிக் குழாய்கள் பயன்படுகின்றன. அவை உறைபனியைச் சற்றுத் தாங்கும். ஆனால் அவற்றை இணைக்கும் மூட்டுகளுக்கு அத்தகைய நெகிழ்வு இல்லை.

கை வைக்குமுன்

பழுது பார்ப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. முதலில் பம்பை நிறுத்துங்கள். பின் ஒரு குழாயைத் திறந்து, உள்ளிருக்கும் அழுத்தத்தை வெளியேற்றுங்கள். வெந்நீர்ப் பக்கமாயின் கலம் நன்கு ஆறும் வரை பொறுங்கள். கூம்பு வடிவ ரப்பர் வாஷர் உள்ள பிளாஸ்டிக் நட்டுக்குக் கைப்பிடி இறுக்கமே போதும். ஸ்பேனர் வைத்து முறுக்கினால் நட்டு வெடித்து, ஒழுகல் இரண்டாகும். அத்தகைய நட்டில் டெஃப்லான் டேப் சுற்றுவதால் பயனில்லை. அங்கு நீரை அடைப்பது மரையன்று, வாஷர். மரையே நீரை அடைக்கும் மூட்டுகளுக்குத்தான் டேப் வேண்டும். குழாயை வெட்ட நேர்ந்தால் நேராக வெட்டுங்கள். சாய்வாக வெட்டிய முனை எந்த மூட்டிலும் சரியாக அமராது. வேலை முடிந்ததும் உலர்ந்த காகிதத்தை மீண்டும் வைத்து, ஓர் இரவு பொறுத்துப் பாருங்கள். நனைந்த பலகையை உலரவிடாமல் மூடிவிட்டால், ஒழுகலை அடைத்தும் உளுப்பை வளர்த்தவர்களாவோம்.

வண்டியை வாடகைக்கு எடுப்போர், கடை வாசலிலேயே ஒரு சோதனையைச் செய்துகொள்வது நலம். தொட்டியை நிரப்பி, எல்லாக் குழாய்களையும் மூடி, பம்பை இயக்குங்கள். அது நின்றபின் இருபது நிமிடங்கள் காது கொடுத்திருங்கள். அவ்விடைவேளையில் தொட்டிகளின் அடியிலுள்ள அலமாரிகளைத் திறந்து கையால் தடவிப் பாருங்கள். குளியலறை ஓரத்தில் தரையை மிதித்துப் பாருங்கள். எங்கேனும் அமிழ்ந்தால் கடைக்காரரிடம் அப்போதே காட்டி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னர் வீண்பழி உங்கள்மேல் வராது.

வீண்விரயத்தை மார்க்கம் நமக்குத் தடுத்திருக்கிறது. அதைத் தவிர்க்க நல்ல எண்ணம் மட்டும் போதாது. கணக்கும் வேண்டும் என்பதை அம்மூதாட்டியின் குறிப்பேடு எனக்கு உணர்த்திற்று. அளந்து வைத்தவருக்கே குறைந்தது தெரிகிறது. உங்கள் வீட்டின் மேல்தொட்டிக்கும் இது பொருந்தும். ஓர் இரவு படுக்குமுன் எல்லாக் குழாய்களையும் மூடி, தொட்டியின் நீர்மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பஜ்ருத் தொழுகைக்கு எழுந்ததும், ஒளுச் செய்யுமுன், அதை மீண்டும் பாருங்கள். மட்டம் இறங்கியிருந்தால், அன்றைய தினமே எங்கே என்று தேடத் தொடங்கலாம்.

பயணம் புறப்படுவோருக்கு இறுதியாக ஒன்று: வண்டியை விட்டு வெளியே செல்லும்போதும், உறங்கச் செல்லும்போதும், சாலையில் ஓட்டும்போதும் பம்பின் விசையை நிறுத்தி வையுங்கள். ஒரு மூட்டு விட்டுப்போனாலும், குழாய்களில் எஞ்சியுள்ள சிறிதளவு நீரோடு இழப்பு நின்றுவிடும். தொட்டி நீர் முழுவதும் தரையில் கொட்டாது.

வல்ல இறைவன் நம் வீடுகளையும் பயணங்களையும் காத்தருள்வானாக!